பக்கத்துக்கு வெளியே பார்த்த முகம்

“அப்பா படம். ஒன்றுதான் இருக்கிறது. பத்திரம்.”

நீல மையில் இப்படி எழுதிய பழுப்பு உறை ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கீழே கிழமையும் மாதமும் உண்டு: வியாழன், நவம்பர். ஆண்டு இல்லை. ஆண்டில்லாத தாளைப் பார்த்தால் எனக்கு உடம்பு அரிக்கும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அச்சான துண்டறிக்கைகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். இந்த உறைக்கு ஆண்டு கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ‘தானே’ புயலில் எங்கள் அச்சுக் கடையின் பின்பக்கத் தகரம் பறந்து மினி ஆப்செட் எந்திரம் நனைந்து வீணானது. அந்த எந்திரத்தை வாங்கிய ஆண்டில்தான் உறையில் வந்த படத்தை அதில் அச்சிட்டோம். புயலுக்கு முந்தைய ஆண்டின் நவம்பர் என்று பென்சிலில் ஓரமாகக் குறித்திருக்கிறேன்.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கடையின் இன்றைய முதலாளி கேட்டார். ஆவணத்தில் படம் வைப்பது எப்படி என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. எந்தப் பொத்தான், எந்த அளவு, எத்தனை புள்ளி அடர்த்தி எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத நினைப்பது படம் வைத்து நான் தலைகுனிந்த ஒரு வேலையைப் பற்றி. கடையில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். என் முதுகுக்குப் பின்னால் பேசியும் இருக்கிறார்கள். நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்படுவதைவிட முழுதாக என்னிடமிருந்தே படிப்பது நல்லது.

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் தொழில் கற்றது சிதம்பரத்தில், தெற்கு வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில். அங்கே பக்கம் கட்டியவர் எனக்கு முதல் நாளே சொன்னது: “மொகம் எப்பவும் பக்கத்துக்கு உள்ளதான் பாக்கணும். வெளிய பாத்தா படிக்கிறவன் கண்ணும் கூடவே வெளிய பூடும்.” படத்தில் இருப்பவர் இடப்பக்கம் பார்த்தால் அவரைத் தாளின் வலது ஓரத்தில் வைக்க வேண்டும், வலப்பக்கம் பார்த்தால் இடது ஓரத்தில். இது எல்லாப் புத்தகத்திலும் உள்ள விதி. ஆனால் எங்களுக்கு இடம் மாற்றி வைக்க நேரம் இருக்காது. அதனால் ஆளை அங்கேயே விட்டுவிட்டு முகத்தை மாற்றுவோம். பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒரு சொடுக்கு. படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். ‘மிரர் பண்ணு’ என்பார்கள். வெளியே பார்த்தவர் உள்ளே பார்ப்பார்.

வாடிக்கையாளர்களும் இதைத்தான் விரும்பினார்கள். திருமணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, நினைவஞ்சலி எதுவானாலும் உறவுக்காரர் படங்களை ஓரத்தில் அடுக்குவோம். யாராவது ஒருவர் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தால் சண்டைதான். “எங்க பெரிய மாமா மட்டும் எதுக்கு ரோட்டப் பாத்துகிட்டு இருக்காரு? அவுரு கோவிச்சிகிட்டுப் போனத நீங்களே ஊருக்குச் சொல்றீங்களா?” என்று ஒரு அம்மாள் புரூப்பை மேசையில் போட்டுவிட்டுப் போனார். மாமாவை மிரர் செய்தோம். மாமா சமாதானமாகிவிட்டார்.

ஒரே ஒரு முறைதான் இதில் அடிபட்டோம். ஒரு நாட்டியப் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் நடராசர் படத்தை அழகுக்காக மிரர் செய்துவிட்டேன். இடக்காலைத் தூக்கி ஆடுகிறவர் வலக்காலைத் தூக்கிவிட்டார். அழைப்பிதழ் வாங்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “கால மாத்தி ஆடுனது மதுரையில சார். நம்மூரு சாமிய ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏத்தி உட்டுட்டீங்களே.” கடையே சிரித்தது. எல்லாவற்றையும் மறுபடி அச்சிட்டோம். அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், சாமி படத்தை மட்டும் மிரர் பண்ணக் கூடாது, ஆசாமி படத்தைப் பண்ணலாம் என்பது. எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அதை இப்படித்தான் சுருக்கிச் சொன்னார். நானும் பின்னால் திருப்பாதிரிப்புலியூர் கடைக்கு வந்து, எனக்குக் கீழே வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தவறான பாடம் என்று அப்போது தெரியாது.

இனி உறைக்கு வருகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் கிளாரா. இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். கிளாராவோடு அவர் அப்பா மாசிலாமணியும் இருந்தார்; பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர்-சிதம்பரம் தடத்திலேயே பெரும்பாலான ஆண்டுகள் ஓடியவர். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மகளை வேறு யாரோ என்று நினைத்து ‘எங்க எறங்கணும்மா’ என்று கேட்பாராம். செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று புறப்பட்டவர் திரும்பவில்லை.

“பஸ்ல ஏறிட்டாருன்னா யாரும் டிக்கெட்டு கேக்க மாட்டாங்க அண்ணா,” என்றார் கிளாரா. “பாதி கண்டக்டருங்களுக்கு அவர தெரியும். ‘ஸ்டாஃபு’ன்னு சொன்னாலே உட்டுடுவாங்க. எங்க போயிருப்பாருன்னே சொல்ல முடியல. சக்கர வேற இருக்கு. மாத்திரை இல்ல. செருப்பும் போட்டுகிட்டுப் போவல.”

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். பேருந்து நிலையங்களில் ஒட்டுவதற்கு ‘காணவில்லை’ அறிக்கை வேண்டும். உறையிலிருந்து படத்தை எடுத்தார். கிளாராவின் திருமணத்தன்று எடுத்தது. மாசிலாமணி லேசாக ஒரு பக்கம் திரும்பி யாரையோ பார்த்துப் புன்னகைக்கிறார். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே பெரிய கறுப்பு மச்சம். புகாரிலும் அடையாளமாக அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அன்று முகூர்த்த நாள் நெருக்கம். மேசையில் பத்திரிகை வேலைகள் குவிந்து கிடந்தன. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க நான் வேகமாகக் கட்டினேன். மேலே தலைப்பு, இடப்பக்கம் படம், வலப்பக்கம் விவரம், கீழே தொலைபேசி எண். படத்தை வைத்ததும் மாசிலாமணியின் முகம் பக்கத்துக்கு வெளியே பார்த்தது. படத்தை வலப்பக்கம் மாற்றி விவரத்தை இடப்பக்கம் கொண்டுவந்திருந்தால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. அதற்குக் கட்டம் கட்டியதையெல்லாம் பிரிக்க வேண்டும். கை பழக்கத்தில் மிரர் செய்தது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தோளுக்குக் கீழே வெட்டியும் விட்டேன். அதோடு அவர் சட்டைப் பையும் போயிற்று. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும். அது படத்தில் இருந்திருந்தால் நானோ வேறு யாரோ பார்த்துக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பு உண்டு.

புரூப் எடுத்துக் கொடுத்தேன். கிளாரா அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அண்ணா, ஏதோ அப்பா மாதிரியே இல்லியே.”

“கருப்பு வெள்ளையில அப்படித்தாம்மா இருக்கும்.”

“அதில்லண்ணா. நா எதிர்ல ஒக்காந்து சோறு போடும்போது மச்சம் எனக்கு இந்தப் பக்கம் இருக்கும்.” வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இதுல அந்தப் பக்கம் இருக்கு.”

இந்த இடத்தை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மிரர் செய்தது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் படத்தைப் பார்த்தேன்: மச்சம் தாளின் இடப்பக்கம் இருந்தது. விவரத்தைப் பார்த்தேன்: ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்றிருந்தது. இடது, இடது. பொருந்திவிட்டது என்று மனசு சமாதானமாகிவிட்டது. எதிரில் நிற்பவருடைய இடது கன்னம் நமக்கு வலப்பக்கம்தான் தெரியும் என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். அதைத்தான் அவர் தன் கையைத் தூக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இங்க பாருங்கம்மா,” என்று ஸ்கேலை வைத்துக் காட்டினேன். “இடதுன்னு எழுதியிருக்கு. படத்துலயும் இடது பக்கம்தான இருக்கு? ரெண்டு நாளா தூக்கம் இல்லாம இருக்கீங்க. அதான் கொழப்புது.”

அவர் என் ஸ்கேலைப் பார்த்தார். பிறகு, “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணா,” என்று புரூப்பில் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கைகள் கடலூர், சிதம்பரம், புவனகிரி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று போயின. அவருடைய பள்ளி ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு போய் ஒட்டினார்கள்.

அடுத்த வாரம் மழை. ஒட்டியதில் பாதி கரைந்துவிட்டது என்று மறுபடி அச்சிடக் கிளாரா வந்தார். பழைய தகடு பத்திரமாக இருந்ததால் எங்கள் எந்திரக்காரர் குமார் உடனே ஏற்றி ஓட்ட ஆரம்பித்தார். கிளாரா முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் கைபேசி அடித்தது. எந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். சேத்தியாத்தோப்புப் பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருப்பவர் பேசினார்.

“நோட்டீசுல இருக்குற நம்பருதான இது? முந்தாநாளு ஒரு பெரியவரு வந்தாருமா. மஞ்சப்பைய கக்கத்துல இடுக்கிகிட்டு, செருப்பில்லாம. வாழப்பழம் குடுத்தேன், ஒக்காந்து சாப்ட்டாரு. பேரு கேட்டா சிரிக்கிறாரு. நம்ம செவுத்துல இருக்குற ஆளு மாதிரியே இருக்காரேன்னு எழுந்து போயி நோட்டீசப் பாத்தேன்.”

கிளாரா எழுந்து நின்றுவிட்டார். “அண்ணே, அப்பறம்?”

“மச்சம் ஒத்து வரலமா. நோட்டீசுல அந்தாண்ட இருக்கு, இவருக்கு இந்தாண்ட இருந்துச்சி. சரி, வேற ஆளு போலருக்குன்னு உட்டுட்டேன். அப்பறம் ஏதோ பஸ்ஸு வந்துச்சி, ஏறிட்டாரு. எந்தப் பஸ்ஸுன்னு பாக்கல. மனசு கேக்கல, அதான் ஒரு வார்த்த சொல்லிடலாம்னு.”

கிளாரா மெதுவாக உட்கார்ந்தார். “மச்சம் மாறியிருந்தா அப்பாவா இருக்காதுண்ணே. போன் பண்ணுனதுக்கு ரொம்ப நன்றிண்ணே.”

கைபேசியைப் பையில் வைத்தார். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் அந்த முகம் உள்ளே பார்த்தபடி விழுந்துகொண்டிருந்தது.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அது உங்கப்பாவாத்தான் இருக்கும், படத்த நான் மாத்திட்டேன், இப்பவே கெளம்புங்க’ என்று ஒரு மூச்சில் முடிகிற விஷயம். நெருக்கடியில் நிதானம் வேண்டும் என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். அன்று எனக்கு நிதானம் ஏராளமாக இருந்தது. நான் எழுந்து போய் உறையிலிருந்த அசல் படத்தைப் பார்த்தேன். திரையில் இருந்ததைப் பார்த்தேன். பிறகு குமாரிடம், “மெஷின நிறுத்து. பிளேட்ட எறக்கு,” என்றேன்.

“ஏன் மாமா? நல்லாத்தான ஓடுது.”

“படம் தெளிவா இல்ல. வேற போட்டுக்கலாம்.”

“ஏத்தும்போது நீங்கதான பாத்து ஓகே சொன்னீங்க?”

“எறக்குடா.”

குமார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிளாராவிடம், “படத்த இன்னும் நல்லா போட்டுத் தரேம்மா. நாளைக்கிக் காத்தால வாங்க,” என்றேன்.

“நாளைக்கா அண்ணா?”

“ஒரு நாளுதாம்மா. தெளிவா இருந்தாதான அடையாளம் தெரியும்.”

அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் படத்தை அசல்படி வைத்துப் புதுத் தகடு எடுத்தேன். தவற்றைத் திருத்திவிட்டால் தவற்றைச் சொல்ல வேண்டியதில்லை என்று அப்போது நினைத்தேன். போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் கிளாராவை ஒரு நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டேன் என்பது புத்திக்கு எட்டியது. எட்டியும் வாய் திறக்கவில்லை. வாடிக்கையாளர் முன் என் பெயர் கெடும் என்ற ஒரே காரணம்தான். அழகான வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது, “சேத்தியாத்தோப்புல ஒட்ட நானும் வரேம்மா,” என்றேன்.

“அங்க எதுக்குண்ணா? அது அப்பா இல்லன்னுதான் ஆயிடுச்சே.”

“எல்லா ஊருலயும் புதுசு ஒட்டணும்ல. அங்கேருந்தே ஆரம்பிப்போம்.”

அவர் ஆசிரியர்களிடம் சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் உரியதைக் கொடுத்தனுப்பிவிட்டு என்னோடு வந்தார். வடலூர் வழியாகப் போகும் பேருந்தில் பசை வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். எனக்குள்ளே ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பெரியவரை நானே அங்கே கண்டுபிடித்துவிட்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

சேத்தியாத்தோப்பில் மழை விட்டிருந்தது. பேருந்து நிலையச் சுவரில் பழைய அறிக்கை பாதி கிழிந்தாலும் முகம் முழுசாக இருந்தது. அதைக் கிழித்துவிட்டு ஒட்டலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் கிளாரா பக்கத்திலேயே புதியதை ஒட்டிவிட்டார். கைகளைத் துடைத்துக்கொண்டு பழக்கடைக்காரரிடம் போய், நேற்றுத் தொலைபேசியில் பேசியவர் அவர்தானா என்று விசாரித்தார். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“என்னாமா, ரெண்டு பேரா காணும்? அண்ணன் தம்பியா?”

“எந்த ரெண்டு பேருண்ணே?”

“தோ, செவுத்துல. அவுரு இவரப் பாக்குறாரு, இவரு அவரப் பாக்குறாரு.” கத்தியால் காட்டினார். “நம்ம கடைக்கி வந்தவரு நீங்க இப்ப ஒட்டுனீங்களே, அவருதான். மச்சம் சரியா இருக்கு பாருங்க. மொதல்லயே இத ஒட்டியிருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பனே.”

கிளாரா திரும்பினார். சுவரில் ஒரே மனிதர் தன்னைத்தானே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்கும், மற்றதிலிருந்து இதற்கும் கிளாராவின் பார்வை போய் வந்தது. அன்று கடையில் தூக்கிய அதே வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். கீழே போட்டுவிட்டார்.

“நா அன்னைக்கே கேட்டனே அண்ணா,” என்றார்.

“ஆமாம்மா.”

“எதுக்குண்ணா மாத்துனீங்க?”

“மொகம் பக்கத்துக்கு வெளிய பாத்துச்சிம்மா.”

தொழிலில் எனக்கு முதல் நாள் கிடைத்த விதி அது. இத்தனை காலம் அதைச் சொல்லி எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறேன். வெள்ளாற்றங்கரையில் உள்ள அந்த ஊரில், பசை வாளியோடு நின்று சொன்னபோது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பழக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வெளிய பாத்தா என்னாவாம்?” என்று கேட்டார். கேலியாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கிளாரா என்னைத் திட்டவில்லை. நேரக் காப்பாளர் அறைக்குப் போனார். ஒவ்வொரு நடத்துநரையும் நிறுத்தி அறிக்கையைக் காட்டினார். நானும் பின்னாலேயே போனேன். விருத்தாசலம் வண்டியில் ஏறியதாக ஒருவர் சொன்னார். இல்லை, கும்பகோணம் வண்டி என்றார் இன்னொருவர். அன்றைய வண்டிகளில் வந்த யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. திரும்பும்போது கிளாரா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் நின்றேன். நடத்துநர் டிக்கெட் கேட்டபோது இருவருக்கும் சேர்த்து எடுக்க நினைத்தேன். அவர் அதற்குள் தனக்கு எடுத்துவிட்டிருந்தார்.

மாசிலாமணி கிடைத்தார். பொங்கலுக்குச் சில நாள் முன்னால், திருக்கோவிலூர் தாண்டி ஒரு முதியோர் காப்பகத்திலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் வந்தது. உயிரோடு இருந்தார். செருப்பில்லாமல் நடந்து காலில் புண் வந்து, சர்க்கரையால் ஆறாமல், மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். வலது கால். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதவில்லை. நேரில் பார்த்து எழுதுகிறேன்.

நீங்கள் இன்று வேலை செய்வது வேறு உலகம். வாடிக்கையாளர் கைபேசியிலேயே படம் வந்துவிடுகிறது. அதிலும் பாதி, தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள். சில கைபேசிகள் கேட்காமலே அவற்றை மிரர் செய்து சேமிக்கின்றன. நான் கையால் செய்ததை இப்போது கருவி தானாகச் செய்கிறது. அதனால் சட்டைப் பை, சேலை முந்தானை, கைக்கடிகாரம், பின்னால் தெரியும் பெயர்ப் பலகை எதையாவது ஒரு முறை பாருங்கள். முகத்துக்காகப் பக்கத்தை மாற்றுங்கள். பக்கத்துக்காக முகத்தை மாற்றாதீர்கள். இதெல்லாம் எளிதில் பழகிவிடும்.

பழகாதது ஒன்று இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ‘ஏதோ மாதிரி இருக்கு’ என்பார். என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்கோ சொல்ல நிறையத் தெரியும். கையில் ஸ்கேல் இருக்கும், மேசையில் அடுத்த வேலை இருக்கும். அந்த நேரத்தில் ஒரு நல்ல விளக்கம் உங்கள் வாயில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, அசலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அவர் அந்த முகத்தோடு வாழ்ந்தவர். நமக்கு அது ஒரு கோப்பு. அப்படியும் தவறு நடந்துவிட்டால், திருத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள். நான் முதலில் திருத்தினேன்.

மிரர் செய்ததைவிட எனக்கு இன்றும் கூசுவது அந்த ஒரு நாள். அந்த நாளால் அவர் காலுக்கு எதுவும் ஆகியிருக்காது, பெரியவர் அதற்கு முன்பே சேத்தியாத்தோப்பை விட்டுப் போயிருந்தார் என்று குமார் எனக்கு ஆறுதல் சொல்வார். உண்மையாக இருக்கலாம். ஆனால் அது எனக்கு அப்போது தெரியாதே.

பொங்கல் முடிந்து உறையோடு கிளாரா வீட்டுக்குப் போனேன். ஒரே படம் என்று எழுதிக் கொடுத்ததை இத்தனை நாள் வைத்திருந்தது தவறு. தபாலில் அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கம்கெட்ட யோசனை என்று விட்டுவிட்டேன். கதவைத் திறந்தவர் கொஞ்சம் தயங்கி, “உள்ள வாங்க அண்ணா,” என்றார்.

மாசிலாமணி சன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டிக்குக் கீழே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. மஞ்சள் பை கக்கத்தில் இருந்தது. எதிரில் நின்றேன். மச்சம் எனக்கு வலப்பக்கம் இருந்தது.

கிளாரா உறையிலிருந்து படத்தை எடுத்து அப்பா முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். சரிபார்ப்பதுபோல்தான் இருந்தது. பிறகு படத்தை வைத்துக்கொண்டு உறையை என்னிடம் நீட்டினார்.

“கவரு நீங்களே வெச்சிக்கிங்க.”

வாங்கிக்கொண்டேன். போகலாம் என்று திரும்பினேன். முடியவில்லை. “அப்பா எங்கெங்க போனாருன்னு ஏதாவது சொன்னாராம்மா? சேத்தியாத்தோப்பு பத்தி…”

“நீங்களே கேளுங்க,” என்றார்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையைத் திறந்து உள்ளே ஏதோ தேடினார். “எங்க போவணும் சார்?”

“சேத்தியாத்தோப்பு.”

அவர் பையை மூடிவிட்டார். “அது நம்ம ரூட்டு இல்லியே சார்,” என்றார் மரியாதையாக. “கீழ எறங்கி வேற வண்டி கேளுங்க.”

கிளாரா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

என் சேகரிப்பில் அந்த அறிக்கையின் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. உறையும் இருக்கிறது. பழக்கடைக்காரரை அதன் பிறகு ஒரு முறை பார்த்தேன். பெரியவரை நேரில் காட்டினால் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, நாள் ஆகிவிட்டது, இனிமேல் சத்தியம் பண்ண முடியாது என்றார். சேத்தியாத்தோப்புப் பேருந்து நிலையத்தில் அன்று வாழைப்பழம் சாப்பிட்டவர் மாசிலாமணிதானா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.